திசை கண்ட கதை – 17: முதுகிலிருந்து உள்ளங்கைக்கு

போர்க்களங்கள் தம் பெயரை ஊரிலிருந்தோ ஆற்றிலிருந்தோ குன்றிலிருந்தோ பெறுவதே உலக வழக்கம். வெண்ணி என்றும் தலையாலங்கானம் என்றும் நம் முன்னோர் சொன்னபோதும், பானிபட் என்றும் வாட்டர்லூ என்றும் பிற்காலத்தார் சொன்னபோதும், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர் நடமாடிய ஒரு மண் இருந்தது. ஆனால் 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, தென் ஈராக்கின் பாலைவனத்தில், எதிரே வருவது யாரென்று தெரியாதபடி மணற்காற்று வீசிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் இரண்டாவது கவசக் குதிரைப்படையின் டாங்கிகள் ஈராக்கியக் குடியரசுக் காவற்படையின் டாங்கிகளோடு மோதிய யுத்தத்துக்கு அப்படியொரு பெயர் வாய்க்கவில்லை. அங்கே ஊர் இல்லை, ஆறு இல்லை, பெயர் சொல்ல ஒரு மரமும் இல்லை. ஆகவே சரித்திரம் அதை ‘73 ஈஸ்டிங்’ யுத்தம் என்று குறித்துக்கொண்டது. வரைபடத்தில் வடக்குத் தெற்காகக் கிழித்துக் கிலோமீட்டர்க் கணக்கில் எண்ணிட்ட கோடுகளில் ஒன்று அது. காகிதத்தில் உண்டு, மணலில் கிடையாது.

மணலில் இல்லாத ஒரு கோட்டின் மேல் தான் நிற்பதை ஒரு படைத்தலைவன் எப்படி அறிந்தான்? லோரான் என்ற பழைய தரைவானொலி முறை சில வண்டிகளில் துணை நின்றது உண்மைதான். ஆயினும் அந்தப் பாலைவனம் முழுவதும் அமெரிக்கச் சேனை பெரிதும் நம்பியது, வண்டிகளின் இரும்பு உடம்பில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டும், சிப்பாய்களின் மடிமீது கிடந்தும், இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கேட்டுக்கொண்டிருந்த சிறு பெட்டிகளையே ஆகும். அந்தப் பெட்டி சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்த கதையே இந்த இதழின் விஷயம்.

சென்ற இதழில், ஸ்புட்னிக்கின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை விஞ்ஞானிகளிடமிருந்து ‘டிரான்சிட்’ என்ற முதற் செயற்கைக்கோள் முறை பிறந்ததைக் கண்டோம். அது கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் ஏற்றது. மணிக்கணக்கில் காத்திருந்து ஒருமுறை தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளும் பொறுமை கடலில் உண்டு, போர்முனையில் இல்லை. ஆகவே 1973-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், விடுமுறையை முன்னிட்டு வெறிச்சோடிக் கிடந்த பென்டகன் மாளிகையில் கர்னல் பிராட்ஃபோர்டு பார்க்கின்சனும் அவருடைய சகாக்களும் கூடி, கடற்படையார் வளர்த்த யோசனைகளையும் வான்படையார் வளர்த்த யோசனைகளையும் ஒன்றாக இணைத்து, பிற்பாடு ஜி.பி.எஸ். என்று உலகம் அழைக்கப்போகும் அமைப்புக்கு உருவம் கொடுத்தார்கள். அவருடைய அலுவலகத்தின் நோக்கம் இரண்டே வரிகளில் ஒரு பலகையில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஐந்து குண்டுகளை ஒரே குழியில் விழச் செய்ய வேண்டும் என்பது முதலாவது. பத்தாயிரம் டாலருக்கு உட்பட்ட விலையில் வழிகாட்டும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டு வரிகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ‘அவன் எங்கே இருக்கிறான்’ என்று முதல் வரி கேட்கிறது. ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று இரண்டாவது வரி கேட்கிறது. ஒரே யந்திரத்தினிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க நேர்ந்ததிலேதான் இந்தக் கருவியின் பெருமை முழுவதும் இருக்கிறது. அதன் துக்கமும் அதிலேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கருவி செய்யும் வேலையைச் சற்றே விளக்கிவிட்டு மேலே செல்வோம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தான் நிற்கும் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே செல்கிறது. அந்த அறிவிப்பு புறப்பட்ட நேரத்துக்கும் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் முந்நூறு மீட்டர் பிசகிவிடும். இதற்காகச் சிப்பாயின் முதுகிலும் ஓர் அணுக் கடிகாரத்தைக் கட்டிவிட முடியுமா? முடியாது. ஆகவே நான்காவதாக ஒரு செயற்கைக்கோளையும் கேட்டு, தன் கடிகாரத்தின் பிழையையே கண்டறிய வேண்டிய ஒரு ராசியாக வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறது கருவி. மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றே அதற்குப் போதும். கையடக்கக் கருவி என்பது சாத்தியமானதற்கு மூலகாரணம் இந்த நான்காவது செயற்கைக்கோளே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு கஷ்டமும் உண்டு. பூமியை வந்தடையும்போது அந்தச் சமிக்ஞை, கருவியின் உள்ளேயே இயல்பாக எழும் மின் இரைச்சலையும்விட மெலிந்து போயிருக்கிறது. 1,023 துண்டுகளால் ஆன ஒரு சங்கேத வரிசையைக் கருவி தானும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, வந்ததும் வைத்திருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தும் கணத்தைத் தேடிப் பிடிக்கிறது. சாமானியருக்கான அந்தக் குறியைப் பிடித்த பிறகுதான், ராணுவத்துக்கென்று ஒதுக்கிய நீண்ட ரகசியக் குறிக்குத் தாவ முடியும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கத்தையும் முழுமையாகக் கேட்டு முடிக்க மட்டுமே பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். இவ்வளவையும் செய்ய 1970-களின் மின்னணுப் பாகங்களுக்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும்.

1977-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, அயோவா மாநிலத்து சீடர் ராபிட்ஸ் நகரில், ராக்வெல் காலின்ஸ் நிறுவனத்துக் கட்டடம் ஒன்றின் கூரைமேல் டேவிட் வான் டஸ்ஸல்டார்ப் என்ற பொறியியலாளர் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆன்டெனாவைக் கையால் திருப்பித் திருப்பி, சில வாரங்களுக்கு முன்பு ஏவப்பட்ட ‘என்.டி.எஸ்.-2’ என்ற பரீட்சார்த்தச் செயற்கைக்கோளைப் பின்தொடர்ந்துகொண்டிருப்பதே அவருடைய வேலை. அதிலிருந்து வந்த சமிக்ஞை அன்றிரவு கீழே இருந்த கருவியில் சிக்கியது. அக்காலத்தில் அந்நிறுவனம் வான்படைக்காகச் செய்த பரீட்சைக் கருவியின் எடை 270 ராத்தலுக்கும் மேல். விமானத்தில் ஏற்றும் சரக்குமேடை ஒன்றின்மேல் அதைப் பொருத்தி, பக்கத்தில் அதை இயக்குபவர்கள் இருவருக்கு இரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். திசை காட்டும் கருவியைப் படைவீரன் தூக்கிச் சென்றான் என்பதைவிட, அந்தக் கருவிதான் இரண்டு பேரைத் தூக்கிச் சென்றது என்று சொல்லலாம்.

அதே சமயத்தில் அரிஸோனா மாநிலத்து யூமா பாலைவனத்தில் வேறொரு விதமான பரீட்சை நடந்தது. வானத்தில் போதிய செயற்கைக்கோள்கள் இன்னும் இல்லாமையால், அவற்றைப் போலவே சமிக்ஞை அனுப்பும் வானொலிப் பெட்டிகளைத் தரையில் வரிசையாக நட்டு, மேலே இருக்க வேண்டிய ஆகாயத்தைக் கீழே அமைத்துக்கொண்டு கருவிகளைச் சோதித்தார்கள். ஜி.பி.எஸ். அமைப்பின் முதற் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் மேலே சென்றது. அதன் பிறகு ஒவ்வொன்றாக மற்றவை ஏறின. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது, அந்த ஓடங்களையே நம்பியிருந்த அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்களின் காரியம் தடைப்பட்டு, 1989 பிப்ரவரியில்தான் ராக்கெட் வழியாக மீண்டும் தொடங்கியது.

இதற்கிடையில் தரைப்படைக்கென்று ஒரு கருவி உருவாயிற்று. ‘மேன்பேக்’ என்று அதற்குப் பெயர். மனிதச் சுமை என்றே பொருள். 1988-ஆம் ஆண்டு முதல் படைக்கு வரத் தொடங்கிய அதன் எடை சுமார் 17 ராத்தல். விலையோ 45,000 டாலர். பார்க்கின்சன் பலகையில் எழுதிய பத்தாயிரம் எங்கே, இந்த நாற்பத்தைந்தாயிரம் எங்கே! அதற்குக் காதும் ஒன்றே; ஒரு செயற்கைக்கோளைக் கேட்டுவிட்டு, பிறகு அடுத்ததைக் கேட்டு, இப்படி வரிசையாக நான்கையும் சுற்றி வந்து கணக்கைக் கூட்டவேண்டியிருந்தது. ஏறக்குறைய 1,400 கருவிகளோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. தண்ணீர், உணவு, தோட்டா ஆகிய மூன்றையும் சுமந்து நடக்கும் காலாள் ஒருவன் இந்தப் பதினேழு ராத்தலுக்காக அம்மூன்றில் எதைக் கீழே வைப்பது? இந்தக் கேள்வியின் கனத்தை உணர்ந்து, ‘தார்ப்பா’ என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனம், சிகரெட் பெட்டி அளவுக்குள் ஒரு கருவியை அடக்கிவிட வேண்டும் என்று 1980-களிலேயே பணம் ஒதுக்கி, காலியம் ஆர்ஸனைடு என்ற பொருளாலான சில்லுகளைக் கொண்டு முயன்றுவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் யுத்தம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

உண்மையில் சிப்பாயின் சுமையை முதலில் இறக்கிவைத்தது சேனை அன்று, கடைத்தெருவே. கலிஃபோர்னியாவில், ஹியூலட்-பேக்கர்டு நிறுவனத்திலிருந்து விலகி வந்த சார்லஸ் டிரிம்பிள் 1978-இல் தொடங்கிய கம்பெனி, நில அளவைக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் விற்பதற்காக இத்தகைய கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. 1983-இல் வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபின், ஜி.பி.எஸ். சமிக்ஞை பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ஜனாதிபதி ரீகன் வாக்களித்திருந்தது இந்த வியாபாரத்துக்குத் தைரியம் அளித்தது. வியாபாரிக்கு எடை குறைந்தால் விற்பனை கூடும், விலை குறைந்தால் இன்னும் கூடும். அவன் எந்த ராணுவக் குழுவின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. டிரிம்பிள் செய்த ‘டிரிம்பேக்’ நான்கு ராத்தலுக்கு மிகாதது. விலை மேன்பேக்கின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. படை அதைச் சிறிது மாற்றி வாங்கிக்கொண்டு, நீண்ட ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டி, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்லக்கர்’ என்று உச்சரித்தது. ஓங்கி அடிப்பவன் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தின்மேல் பாய்ந்தது. சவூதி அரேபியாவில் வந்து குவிந்த சேனைக்கு வழிகாட்ட வேண்டிய கருவிகள் களஞ்சியத்தில் இல்லை. அவசர அவசரமாக ஆயிரக்கணக்கான டிரிம்பேக்குகளுக்கும், மெகல்லன் என்ற மற்றொரு கம்பெனியின் கையடக்கக் கருவிகளுக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தபோது பாலைவனத்திலிருந்த கருவிகளில் ராணுவத்துக்கென்றே செய்யப்பட்டவை 850-க்கும் குறைவு; கடைச் சரக்காக வாங்கியவையோ ஏறத்தாழ 4,500. மகன் போருக்குப் போன வீட்டிலிருந்து பெற்றோர் தம் சொந்தப் பணத்தில் இந்தப் பெட்டியை வாங்கித் தபாலில் அனுப்பிய கதைகளும் உண்டு. முன்னொரு காலத்தில் போருக்குப் புறப்படும் மகனுக்குத் தாய் திருநீறு பூசி அனுப்பினாள். அயோவாவிலோ டெக்ஸஸிலோ ஒரு தாய் அவன் வழிதவறாதிருக்க இதை அனுப்பினாள். அந்தச் செய்கையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இங்கே ஒரு விசித்திரம் நேர்ந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, எதிரிகள் அதனால் துல்லியமாகப் பயன்பெறாதபடி நூறு மீட்டர் வரை தடுமாறச் செய்யும் ஏற்பாட்டை அமெரிக்கச் சேனை அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தது. இப்பொழுது அதன் சொந்தச் சிப்பாய்களின் கையிலேயே கடைச் சரக்கு இருந்தபடியால், அந்தப் பிழை அவர்களையே திசைதடுமாறச் செய்யும். ஆகவே பிழையை நீக்கிவிட்டு யுத்தம் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் மீண்டும் கலந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி கிளிண்டனின் ஆணைப்படிதான் அது நிரந்தரமாக நின்றது. போரின்போது வானத்தில் பதினாறு செயற்கைக்கோள்களே இருந்தபடியால், நாளில் சில மணி நேரம் போதிய எண்ணிக்கை தலைக்குமேல் தென்படாமல் போகும். அந்த வேளைகளை முன்கூட்டியே கணக்கிட்டு, ராகுகாலத்துக்கு ஒதுங்குவதைப்போல் ஒதுங்கிப் பிரயாணத்தைத் திட்டமிட்டார்கள். ஆயினும் சாலையே இல்லாத மேற்குப் பாலைவனத்தின் வழியாக இரண்டு பெரும் படைகள் சுற்றி வளைத்து எதிரியின் பக்கவாட்டில் இறங்கியதும், தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்ததும் இந்தப் பெட்டிகள் இல்லாமல் நடந்திராது என்பதே அப்போரை ஆராய்ந்தவர்கள் பலரின் அபிப்பிராயம். அந்த நிலத்தில் காலங்காலமாக ஒட்டகம் ஓட்டியவர்களுக்கே வழி சொல்லத் தயக்கம் தரும் பகுதிகளை, முன்பின் அறியாத அந்நியர் இரவில் கடந்து சென்றார்கள்.

பாடம் கற்ற சேனை, 1993-இல் ராக்வெல் காலின்ஸுக்கு ஒரு புதிய கருவிக்கான ஒப்பந்தம் அளித்தது. ‘ப்ளக்கர்’ என்று சிப்பாய்கள் அழைத்த அந்தக் கருவியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளமாக, மணல்நிறப் பெட்டி. மின்கலத்தோடு சேர்த்து இரண்டே முக்கால் ராத்தல். இடது கையால் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் பொத்தான்களை அழுத்தலாம். திரையில் நான்கே வரிகள், எழுத்தும் எண்ணும் மட்டும். படம் கிடையாது, வரைபடம் கிடையாது. மேன்பேக்குக்கு ஒரு காது என்றால் இதற்கு ஐந்து. ஐந்து செயற்கைக்கோள்களை ஒரே சமயத்தில் கேட்கும். ராணுவ ரகசியக் குறியையும் படிக்கும். அதற்கான திறவுகோல் எண்களைத் தனிச் சாதனம் ஒன்றால் உள்ளே ஏற்ற வேண்டும், எதிரியிடம் சிக்கும் தறுவாயில் பொத்தான் அழுத்தி அவற்றை அழித்துவிட வேண்டும். பார்க்கின்சன் குறித்த பத்தாயிரம் டாலருக்கு வெகு கீழே இறங்கிவிட்டது விலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ளக்கர்கள் படைக்கு வந்தன. பலகையின் இரண்டாவது வரி இருபது ஆண்டுகளில் நிறைவேறிற்று என்று சொல்லலாம்.

2004-ஆம் ஆண்டு முதல் அதன் இடத்தில் ‘டாகர்’ வந்தது. கட்டாரி என்று பொருள். ஒரு ராத்தலுக்கும் குறைந்த எடை, பன்னிரண்டு காதுகள், சட்டைப் பையில் அடங்கும் உருவம், திரையில் வரைபடம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் சிறு பேட்டரிகள் நான்கு. ப்ளக்கர் ஒரே அலைவரிசையைக் கேட்டது. டாகர் இரண்டைக் கேட்டது. மேல்வானத்து மின்னூட்டப் படலம் வெவ்வேறு அலைவரிசைகளை வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துவதால், இரண்டையும் ஒப்பிட்டால் அந்தத் தாமதத்தையே அளந்து கழித்துவிடலாம். இத்தனை நயம் இருந்தும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பல சிப்பாய்கள் தம் காசில் வாங்கிய கார்மின் கருவியையும் கூடவே வைத்திருந்தார்கள். கடைத்தெருவின் வேகத்தை எந்த ஒப்பந்தமும் எட்டிப் பிடிக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். அது டாகருக்கு முந்தியது, ப்ளக்கரின் காலத்தது.

2001 டிசம்பர் 5-ஆம் தேதி காலை, காந்தஹாருக்கு வடக்கே ஷாவாலி கோட் என்ற இடத்தில், ஹமீது கர்சாயும் அவருடைய ஆப்கானியப் போராளிகளும், அவர்களுக்குத் துணையாக வந்த அமெரிக்கச் சிறப்புப் படையினரும் ஒரு மேட்டில் தங்கியிருந்தார்கள். எதிரே தாலிபான் நிலை ஒன்று இருந்தது. விமானங்களுக்கு இலக்குச் சொல்லும் பொறுப்பிலிருந்த வான்படை வீரர், அந்த நிலை இருக்கும் இடத்தின் எண்களைத் தம் கருவியில் கணக்கிட்டு வைத்திருந்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் பிற்பாடு வெளிவந்த விவரப்படி, அச்சமயத்தில் கருவியின் மின்கலம் தீர்ந்தது. அவர் புதியதைப் போட்டார். திரை மீண்டும் ஒளிர்ந்து எண்களைக் காட்டியது. அவற்றை மேலே வட்டமிட்ட பி-52 விமானத்துக்கு அனுப்பினார். செயற்கைக்கோள்களின் துணையால் தானே வழிகண்டு இறங்கும் 2,000 ராத்தல் குண்டு, சொல்லப்பட்ட இடத்தில் தவறாமல் வந்து விழுந்தது. அந்த இடம் அவர்கள் நின்றிருந்த மேடு. மூன்று அமெரிக்க வீரர்களும் ஆப்கானியத் தோழர்கள் பலரும் மாண்டார்கள். அன்றைய தினமே ஜெர்மனியின் பான் நகரில் கூடிய மாநாட்டில் ஆப்கானிஸ்தானத்தின் இடைக்கால ஆட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கர்சாய், சிறு காயத்தோடு தப்பினார்.

கருவி பழுதுபடவில்லை, செயற்கைக்கோள்களும் பிசகவில்லை. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் தன் சொந்த இருப்பிடத்தையே முதலில் காட்ட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குக் கற்பித்திருந்தார்கள். காட்டில் வழிதவறிய காலாளை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் நியாயமான ஏற்பாடு. இருளில் மின்கலத்தை மாற்றிவிட்டு நிமிர்கிற அவன் வேறு என்ன கேட்கப்போகிறான்? ஆனால் அன்று காலை அந்தக் கருவியைக் கையில் வைத்திருந்த மனிதரின் கேள்வி வேறு. எதிரியின் எண்கள் என்று எண்ணி அவர் படித்து அனுப்பியவை, அவருடைய காலடி மண்ணின் எண்கள். சில மீட்டர்கூடத் தவறாத, மிகச் சரியான எண்கள்.

ஐந்து குண்டுகளை ஒரே குழியில் விழச் செய்வோம் என்ற முதல் வரி எப்படி நிறைவேறிற்று என்பதையும், சாதாரண இரும்புக் குண்டின் வாலில் இந்த ரிசீவரைப் பொருத்தியவர்கள் எவ்விதம் அதைச் சாதித்தார்கள் என்பதையும் அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)